கோல்பேஸ் ஹோட்டல்: திருமலையிலிருந்து போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு வேன் ஒழுங்கு செய்து கொடுப்பது எங்கள் தொழில். விசா, எயார்போர்ட், ஆஸ்பத்திரி என்று ஏதாவது ஒரு காரியத்தோடுதான் ஆட்கள் போவார்கள். காரியம் முடிந்ததும் பிள்ளைகள் காலிமுகத்திடலுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். அங்கே இறால் வடையைக் கையில் வைத்துக்கொண்டு தெற்குப் பக்கம் திரும்பினால் அந்த ஹோட்டல் கண்ணில் படும். அப்புறம் கேள்விதான். வருடக்கணக்காக ஒரே கேள்விகள் வருவதால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

அந்தக் கடலோரத்துப் பெரிய கட்டடம் என்ன தம்பி, ஏதும் கந்தோரா?

இல்லை அம்மா, அது ஹோட்டல். கோல்பேஸ் ஹோட்டல். காலி வீதி இலக்கம் 2. மேற்கே கடல், வடக்கே காலிமுகத்திடல். விசா வேலையாக இந்திய உயர்ஸ்தானிகராலயத்துக்குப் போனவர்களுக்கு இடம் தெரிந்திருக்கும். அதே வீதியில் கொஞ்சத் தூரம் நடந்தால் வந்துவிடும்.

எப்ப கட்டினது? யார் கட்டினது?

1864-ல் தொடங்கியது. நான்கு பிரித்தானிய வியாபாரிகள் சேர்ந்து ஆரம்பித்தார்கள். அந்த இடத்தில் முன்பு கோல்பேஸ் ஹவுஸ் என்று ஒல்லாந்தர் காலத்து வீடு ஒன்று இருந்தது. ஆரம்பத்தில் ஹோட்டலும் பெரிதாக ஒன்றும் இல்லை. 1870-ல் கொழும்பு ஹோட்டல்ஸ் கம்பனி அதை வாங்கிய பிறகுதான் வளரத் தொடங்கியது.

1864 என்ற வருடத்தைக் கவனித்துப் பாருங்கள். இலங்கையின் முதல் ரயில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு ஓடியதும் அதே வருடக் கடைசியில்தான். இரண்டுக்கும் பின்னால் இருந்தது கோப்பிக் காசு. மலைநாட்டில் கோப்பித் தோட்டம் வைத்திருந்த துரைமார், கோப்பி ஏற்றுமதி செய்த கம்பனிக்காரர், அவர்களைத் தேடிக் கப்பலில் வந்தவர்கள் எல்லோருக்கும் கொழும்பில் தங்க நல்ல இடம் தேவைப்பட்டது. ஐந்து வருடம் கழித்து, 1869-ல், கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் கண்டது. அடுத்து வந்த வருடங்களில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. தோட்டத்தில் பயிர்தான் மாறியதே தவிர ஹோட்டலுக்கு வரும் ஆட்கள் குறையவில்லை.

அப்ப நாங்க இப்ப பாக்கிறது 160 வருசத்துப் பழைய சுவரா அண்ணா?

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. இன்று ஆட்கள் படம் எடுக்கிற அந்த முகப்பும் பெரிய கூடங்களும் பெரும்பாலும் 1890-களில் வந்தவை. எட்வர்ட் ஸ்கின்னர் என்ற கட்டடக் கலைஞர் வரைந்த வடிவம், 1894-ல் ஹோட்டல் பெரிதாக்கப்பட்டது. தொடங்கிய வருடம் ஒன்று, கட்டடத்தின் வயது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் பெரும்பாலானோர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

ஸ்கின்னரின் கைவேலையைப் பார்க்கக் கோல்பேஸ் வரைக்கும் போகத் தேவையில்லை. கொழும்புக் கோட்டைப் பகுதியில் இருக்கும் சிவப்பு நிறக் கார்கில்ஸ் கட்டடம் அவர் வரைந்தது. கண் ஆஸ்பத்திரிக்குப் போகிற எங்கள் ஆட்கள் லிப்டன் சுற்றுவட்டத்தில் சிவப்பும் வெள்ளையுமாகப் பழைய கட்டடம் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள், விக்டோரியா ஞாபகார்த்த கண் வைத்தியசாலை. அதுவும் அவருடையதே. இலவசமாகப் பார்க்கலாம், தேத்தண்ணிக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

ஹோட்டலின் வடக்குப் பக்கத்தை மூடிவைத்துப் பெரிய திருத்த வேலை செய்து 2015 அளவில் முடித்தார்கள். அதனால் உள்ளே பழைய மாடிப்படியும் புதுக் குளியலறையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

காலிமுகத்திடலும் ஹோட்டல்காரருக்குத்தான் சொந்தமோ?

இல்லை, அது பொது இடம். ஹோட்டலை விட ஐந்து வருடம் மூத்தது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856-ல் தொடங்கி 1859-ல் முடித்த உலாவும் பாதை அது. அங்கே ஒரு கல் நட்டிருக்கிறார்கள். கொழும்பிலுள்ள பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக இந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தனக்குப் பின்னால் வருகிற தேசாதிபதிகளுக்கு வார்ட் சொல்லி வைத்த கல்வெட்டு. பட்டம் விடுகிற கூட்டத்துக்குள் அந்தக் கல்லை யாரும் கவனிப்பதில்லை. அடுத்த முறை போனால் பிள்ளைகளை விட்டுத் தேடச் சொல்லுங்கள்.

ரூம் எடுக்காம சும்மா உள்ள போய்ப் பாக்க விடுவாங்களா?

விடுவார்கள். தேத்தண்ணி குடிக்கவோ சாப்பிடவோ வருகிறவர்களுக்கு வாசல் திறந்தே இருக்கிறது. பின்னேரத் தேத்தண்ணிதான் அங்கே பெயர் போனது. கேக், சான்ட்விச், சின்னச் சின்ன உறைப்புச் சாமான் எல்லாம் சேர்ந்து வரும். விலையை முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் வேனில் போய் இறங்கிவிட்டு, மெனுவைப் பார்த்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பது நல்லாயிருக்காது. செருப்பு, அரைக்காற்சட்டை விஷயத்தையும் அப்போதே கேட்டு வையுங்கள்.

உள்ளே போனால் நேரே கடல் பக்கம் நடவுங்கள். கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கப் பலகை போட்ட மாதிரி ஒரு திறந்த முற்றம் வரும். அதைத் தாண்டினால் புல், தென்னை, அப்புறம் கடல். அலை பெரிதாக இருக்கும் மாதங்களில் அந்தச் சதுரங்களின் மேல் உப்பு ஈரம் பிசுபிசுப்பாகப் படிந்திருக்கும். கைப்பிடிச் சுவரைத் தொட்டால் விரலில் ஒட்டும், கண்ணாடி போட்டவர்கள் நாலு தரம் துடைக்க வேண்டும். பொழுது படும் நேரம் கொடியை இறக்குகிறபோது ஒருவர் பாக்பைப் ஊதுவார். எங்களுடன் வந்த ஒரு ஆச்சிக்கு ஹோட்டலில் வேறு எதுவும் பிடிக்கவில்லை. அந்தச் சத்தத்தை மட்டும் "எங்கட நாயனம் தொண்டை கட்டினதுபோல" என்று சொல்லிச் சொல்லி வீடு வரைக்கும் சிரித்தார்.

வாசல்ல பெரிய வெள்ளை மீசையோட ஒரு தாத்தா நிப்பாரே, அவர் இன்னும் இருக்கிறாரா?

இல்லை. 2014 நவம்பரில் 94 வயதில் காலமாகிவிட்டார். அவர் பெயர் கோட்டாரப்பாட்டு சாத்து குட்டன். 1920-ல் கேரளத்தில் பிறந்து, 1938-ல் இலங்கைக்கு வந்து, 1942-ல் இந்த ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்தவர். வெள்ளைச் சீருடை, நெஞ்சில் வரிசையாகப் பதக்கங்கள், கை கூப்பிய வரவேற்பு. ஹோட்டலுக்குள் போகாதவர்கள்கூட அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். 70 வருடத்துக்கு மேல் ஒரே இடத்தில் வேலை.

என்னைக் கேட்டால் இந்த ஹோட்டலின் சரித்திரத்தில் அரசர்களை விட அவர்தான் முக்கியமான ஆள்.

மலையாளத்து ஆக்கள் ஏன் அந்தக் காலத்தில கொழும்புக்கு வந்தவங்க?

வேலை தேடித்தான். 1914-லிருந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடியது. இரண்டு பக்கமும் ரயில். கேரளத்திலிருந்து கொழும்பு வருவது அப்போது இன்றைய விசா அலைச்சலை விட லேசு. ஹோட்டல், துறைமுகம், மில், கள்ளுத் தவறணை, வீட்டுச் சமையல் என்று பல இடங்களில் மலையாளிகள் வேலை செய்தார்கள்.

1930-களில் உலகம் முழுக்கப் பொருளாதாரம் விழுந்து வேலை குறைந்தபோது, ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கம் மலையாளிகளுக்கு எதிராகப் பெரிய பிரசாரம் நடத்தியது. குட்டன் வந்த 1938, அந்தச் சூடு தணியாத காலம். பிறகு 1948-ன் குடியுரிமைச் சட்டம் வந்தது. இந்திய வம்சாவளியினரை நாடற்றவர்களாக்கிய அந்தச் சட்டத்தைப் பற்றித் திருமலையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இத்தனைக்கும் நடுவில் ஒரு மலையாளி அந்த ஹோட்டலின் அடையாளமாகவே ஆனார் என்பதை நினைத்துப் பார்த்தால் ஆச்சரியம்தான்.

காந்தி, ககாரின் எல்லாரும் தங்கினதா பலகையில இருக்கு. உண்மையா, இல்லாட்டி சும்மா விளம்பரமா?

பெரிய மனிதர்கள் வந்துபோன ஹோட்டல் என்பதில் சந்தேகம் வேண்டாம். காந்தி 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்தார். விண்வெளிக்கு முதலில் போன யூரி ககாரின் 1961 டிசம்பரில் வந்தார். ஜப்பானின் ஹிரோஹித்தோ 1921-ல் இளவரசராக ஐரோப்பா போகிற வழியில் கொழும்பில் இறங்கினார். ஹோட்டல் சொல்லிக்கொள்ளும் பட்டியலில் இந்தப் பெயர்கள் எல்லாம் உண்டு.

ஆனால் இப்படியான பலகைகளை வாசிக்க ஒரு முறை இருக்கிறது. ஒரு இரவு படுத்தவர், மத்தியான விருந்துக்கு வந்தவர், மண்டபத்தில் கூட்டம் பேசிவிட்டுப் போனவர் எல்லோரும் ஹோட்டலுக்கு ‘விருந்தினர்’தான். உலகத்தில் உள்ள எல்லாப் பழைய ஹோட்டலும் இதைத்தான் செய்கிறது. காந்தி எந்த அறையில் படுத்தார் என்று போய்க் கேட்டு நிற்காதீர்கள்.

உள்ள ஒரு பழைய கார் வைச்சிருக்கிறாங்கள், அது யாருடையது?

இங்கிலாந்து மகாராணி இரண்டாம் எலிசபெத்தின் கணவர் இளவரசர் பிலிப்பினுடையது. 1935-ம் ஆண்டு ஸ்டாண்டர்ட் நைன் கார். 1940-ல் அவர் கடற்படையில் சின்ன அதிகாரியாக இலங்கைப் பக்கம் வந்திருந்தபோது பழைய காராக வாங்கினார். அப்போது அவருக்கு 19 வயதுகூட முழுதாக ஆகவில்லை, கலியாணமும் ஆகவில்லை. ஹோட்டலின் சிறிய நூதனசாலையில் இருக்கிறது. கார் பைத்தியம் உள்ளவர்களுக்கு அரை மணி நேரம் போகும். மற்றவர்களுக்கு இரண்டு நிமிடம்.

ஆர்தர் சி. கிளார்க்குக்கும் இந்த ஹோட்டலுக்கும் என்ன தொடர்பு சேர்? ஸ்கூல்ல கேட்டாங்கள்.

விஞ்ஞானக் கதை எழுதிய கிளார்க் 1950-களில் இருந்து 2008-ல் இறக்கும் வரை இலங்கையில் வாழ்ந்தவர். தன்னுடைய 3001 நாவலின் கடைசி அத்தியாயங்களை இந்த ஹோட்டலில் இருந்துதான் எழுதி முடித்தார்.

மகளே, ஸ்கூலில் இன்னொரு விஷயத்தையும் சொல்லு. அவருடைய திருமலைத் தொடர்பு ஹோட்டல் தொடர்பை விட ருசியானது. 1950-களின் நடுப்பகுதியில் அவரும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் சுவாமிமலைக்குக் கீழே கடலுக்குள் இறங்கினார்கள். போர்த்துக்கேயர் 1620-களில் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் அடியில் கிடந்ததைக் கண்டு உலகத்துக்கு எழுதினார்கள். இன்று இராவணன் வெட்டில் நின்று கீழே எட்டிப் பார்க்கிறோமே, அந்தத் தண்ணீருக்குள்தான்.

"சூயஸுக்குக் கிழக்கே மிகப் பழைய ஹோட்டல்" எண்டு சொல்றாங்கள். சரியா?

வியாபாரப் பேச்சு என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்போன போட்டியாளர்களோடு வைத்துப் பார்த்தால் கோல்பேஸ்தான் மூத்தது. சிங்கப்பூர் ரஃபிள்ஸ் 1887, பினாங்கு ஈஸ்டர்ன் அன்ட் ஓரியண்டல் 1885, மும்பாய் தாஜ் 1903. ஆனால் கல்கத்தாவில் 1840-களின் தொடக்கத்திலேயே ஒக்லண்ட் ஹோட்டல் என்று ஒன்று திறந்துவிட்டார்கள். பின்னால் அது கிரேட் ஈஸ்டர்ன் ஹோட்டல் ஆனது. பல வருடம் மூடிக் கிடந்து, திருத்தி, இப்போது மறுபடியும் ஹோட்டலாகவே நடக்கிறது. கல்கத்தாவும் சூயஸுக்குக் கிழக்கேதான் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை: கோல்பேஸ் தொடங்கிய 1864-ல் சூயஸ் கால்வாயே இல்லை. அது திறந்தது 1869-ல்.

இது பழசா, ஜி.ஓ.எச். பழசா?

ஹோட்டலாகப் பார்த்தால் கோல்பேஸ் பழசு. ஜி.ஓ.எச். என்ற கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல் திறந்தது 1875 நவம்பரில். கட்டடமாகப் பார்த்தால் ஜி.ஓ.எச். பழசு. 1837-ல் தேசாதிபதி வில்மட் ஹோர்ட்டன் காலத்தில் இராணுவப் பாசறையாகக் கட்டியதை, கொழும்பு நூதனசாலையை வரைந்த கட்டடக் கலைஞர் ஸ்மிதர் ஹோட்டலாக மாற்றினார். மேலே சொன்ன தொடங்கிய வருடம், கட்டட வயது என்ற கதை இங்கேயும் அதேதான்.

கல்கிசை மவுண்ட் லவீனியாவையும் இதோடு கேட்பார்கள். தேசாதிபதி மெய்ட்லண்ட் 1806-ல் கட்டிக்கொண்ட மாளிகை அது. ஹோட்டல் ஆனது பிறகு.

எங்கட துறைமுகம் அவ்வளவு பெரிசு. அப்ப ஏன் திருமலையில இப்படி ஒரு ஹோட்டல் கட்டேல்லை?

இந்தக் கேள்விதான் எனக்குப் பிடித்தது, ஆகவே கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். பெரிய ஹோட்டலைக் கட்ட வைப்பது துறைமுகத்தின் ஆழமோ அழகோ இல்லை, அங்கே இறங்குகிற பயணிகள். 1880-கள் வரை ஐரோப்பாவிலிருந்து வந்த தபால் கப்பல்கள் காலித் துறைமுகத்தில்தான் நின்றன. அதனால்தான் 1860-களில் காலிக் கோட்டைக்குள்ளும் நியூ ஓரியண்டல் என்று பெரிய ஹோட்டல் ஒன்று இருந்தது. கொழும்பில் அப்போது ஒழுங்கான துறைமுகமே கிடையாது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து அலைதடுப்புச் சுவருக்குக் கல் வைத்தார். பத்து வருடத்தில் சுவர் எழும்பியது. கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்கு மாறின. சூயஸ் வழியாக இந்தியா, சீனா, ஆஸ்திரேலியா போகிற கப்பல்கள் எல்லாம் கொழும்பில் நின்று நிலக்கரி ஏற்றும். அந்தத் தூசிக்குள் பயணி எவரும் கப்பலில் இருக்க மாட்டார். இறங்கி, ரிக்ஷா பிடித்து, திடலில் காற்று வாங்கி, ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார். ஸ்கின்னர் 1894-ல் பெரிதாக்கியது இந்தக் கூட்டத்துக்காகத்தான். கொழும்புக்குப் பின்னால் ரயிலும், ரயிலுக்குப் பின்னால் தேயிலையும் இருந்தன.

இங்கே என்ன இருந்தது? சுவர் கட்டாமலே எந்தக் காற்றுக்கும் அசையாத துறைமுகம். அதனாலேயே அதைக் கடற்படை பிடித்துக்கொண்டது. டொக்யார்ட் அவர்களுடையது, நல்ல கரைகள் அவர்களுடையது, அட்மிரலுக்குத் தனி மாளிகை. அதிகாரிகள் கப்பலில் படுத்தார்கள், இல்லாவிட்டால் தங்கள் மெஸ்ஸில் சாப்பிட்டார்கள். ஹோட்டலுக்குக் காசு கொடுக்கிற ஆள் இல்லை. ஊருக்குப் பின்னால் காடு, ஏற்றுமதி செய்யக் கோப்பியும் இல்லை, தேயிலையும் இல்லை. ரயில் வந்ததே 1927-ல். அதற்கு முன் கொழும்புக்குப் போகிறவர்கள் லேடி ஹேவ்லொக், லேடி கோர்டன் போன்ற, தீவைச் சுற்றி ஓடிய சின்னக் கப்பல்களைத்தான் நம்பியிருந்தார்கள். வெள்ளைக்காரர் இங்கே விட்டுப்போனவற்றில் கல்லறைகள்தான் அதிகம். நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி, கடற்படை அதிகாரி சார்ல்ஸ் ஒஸ்டின் 1852-ல் பர்மாப் போரின்போது இறந்து எங்கள் ஊர் மயானத்தில்தான் கிடக்கிறார். தினமும் அந்த மதிலோரம் சைக்கிளில் போகிறவர்களுக்குக்கூட இது தெரியாது.

ஆகவே இங்கே வந்த அரசாங்க ஆட்களுக்கு வாடிவீடு போதுமாக இருந்தது. கந்தோர் வேலையாக ஊர் ஊராகப் போகிற உத்தியோகத்தர் ஒரு இரவு படுத்து, கோழிக்கறி சாப்பிட்டுவிட்டுப் போகிற இடம். கடற்படைத் தளத்தை வெள்ளைக்காரர் 1957-ல் கையளித்துவிட்டுப் போன பிறகுதான் உப்புவெளி, நிலாவெளிக் கரைகளுக்கு உல்லாசப் பயணிகள் வரத் தொடங்கினார்கள். அங்கே எழும்பியவை கடற்கரை ஹோட்டல்கள், நகர ஹோட்டல்கள் இல்லை. பிறகு யுத்தம், 2004-ல் சுனாமி. அவை பட்ட பாடு தனிக் கதை.

யப்பான்காரன் குண்டு போட்டபோது அந்த ஹோட்டலுக்கு ஒண்டும் ஆகேல்லையா?

ஹோட்டல் தப்பியது. கொழும்பில் குண்டு விழுந்தது 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. துறைமுகமும் இரத்மலானைப் பக்கமும்தான் குறி. மேலே பலகையில் பார்த்த ஹிரோஹித்தோ அப்போது ஜப்பானின் பேரரசர். இளவரசராக வந்து இறங்கிய அதே ஊருக்கு 21 வருடம் கழித்து அவருடைய கடற்படை விமானங்கள் வந்தன.

அடி எங்களுக்குத்தான். நாலு நாள் கழித்து, ஏப்ரல் 9 காலையில், துறைமுகமும் சீனக்குடா விமானத்தளமும் தாக்கப்பட்டன. ஒரு ஜப்பானிய விமானம் எண்ணெய்த் தாங்கி ஒன்றில் நேரே விழுந்து நாட்கணக்காக எரிந்தது. அந்தத் தாங்கியின் உருகிச் சுருண்ட இரும்பு இன்னும் அங்கே கிடக்கிறது. அதே நாள் ஹெர்மீஸ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு வெளியே மூழ்கடிக்கப்பட்டது.

தமிழரசுக் கட்சிக்காரர் அடி வாங்கினது இந்தத் திடலிலதானே?

ஆம். 1956 ஜூன் 5. சிங்களம் மட்டும் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்த நாள். பாராளுமன்றம் அப்போது திடலின் வடக்கு முனையில், இன்றைய ஜனாதிபதி செயலகக் கட்டடத்தில் இருந்தது. தந்தை செல்வா தலைமையில் சத்தியாக்கிரகம் இருந்தவர்களைக் கும்பல் வந்து அடித்தது. அமிர்தலிங்கம் தலையில் கட்டோடு போனது அன்றுதான். இரண்டரை மாதம் கழித்து, ஆகஸ்ட் 19-ல், அதே கட்சி மாநாடு கூட்டியது திருகோணமலையில். எங்கள் ஊரில் வயது போனவர்கள் அந்த மாநாட்டைப் பற்றிச் சொல்லும்போது திடலில் வாங்கிய அடியையும் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

2022-ல் அதே திடல் மறுபடியும் நிரம்பியது. ஏப்ரல் 9-ல் தொடங்கிய ‘கோட்டா கோ கம’, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவைப் பதவி விலகச் சொன்ன போராட்டம். மே 9-ல் அங்கிருந்தவர்கள் தாக்கப்பட்டார்கள், அன்றே மகிந்த ராஜபக்ஷ பிரதமர் பதவியை விட்டார், அடுத்த நாள் அவரைக் கொண்டுவந்து வைத்தது எங்கள் திருமலைக் கடற்படைத் தளத்தில். தளத்து வாசலில் சனம் கூடியதை நேரில் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர்.

இப்ப சொந்தக்காரர் யார்? அரசாங்கமா?

தனியார். கார்டினர் குடும்பத்தின் கையில் இருக்கிறது. சிரில் கார்டினருக்குப் பிறகு மகன் சஞ்சீவ் கார்டினர் பொறுப்பெடுத்தார்.

போர்ட் சிட்டி வந்த பிறகு கடல் தெரியாமப் போயிட்டுதாமே?

அப்படி இல்லை. துறைமுக நகரம் 269 ஹெக்டேயர், 2014-ல் வேலை தொடங்கிக் கடலை மண் போட்டு நிரப்பியது. அது திடலின் வடக்கு, வடமேற்குப் பக்கம். ஹோட்டல் முற்றத்தில் நின்று நேரே மேற்கே பார்த்தால் இன்னும் திறந்த கடல்தான். வலது பக்கம் திரும்பினால் கிரேன்கள். படம் எடுக்கிறவர்கள் கமராவைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். முற்றத்துக்கு முதுகைக் காட்டி நின்றால் ஷங்ரிலா போன்ற புது மாடிகள் தெரியும். அவற்றோடு உயரத்தில் போட்டி போட இந்த ஹோட்டலால் முடியாது.

கோட்டைக்குள்ள வெலிங்டன் தங்கின வீடு இருக்கே. அதைத் திருத்தி ஹோட்டலாக்கினா கோல்பேஸை விடப் பழசா வருமே?

நல்ல யோசனை, ஆனால் இதில் இரண்டு சிக்கல். முதலாவது, மேலே ஜி.ஓ.எச். கதையில் சொன்னதுதான்: கட்டடம் பழசாக இருந்தால் ஹோட்டல் பழசாகிவிடாது. இரண்டாவது, நீங்கள் சொல்கிற எங்கள் திருமலைப் பிரட்றிக் கோட்டை இன்னும் இராணுவ முகாம். கோணேசர் கோயிலுக்குப் போகிற பாதைதான் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. அதுவும் சோதனைச் சாவடி தாண்டி, மான்களுக்கு வழிவிட்டு.

வீட்டுக் கதை உண்மை. ஆர்தர் வெல்லஸ்லி, பின்னால் வெலிங்டன் பிரபு ஆனவர், 1800 கடைசியில் படை திரட்ட இங்கே வந்து 1801 பெப்ரவரி வரை இருந்தார். இங்கிருந்து பம்பாய்க்குப் போய் அங்கே காய்ச்சலில் படுத்துவிட்டார். அவர் ஏறியிருக்க வேண்டிய சூசானா என்ற கப்பல் செங்கடலில் மூழ்கியது. கோட்டைக்குள் போகும்போது வேனை அந்த வீட்டுக்கு முன்னால் நிறுத்தச் சொல்லாதீர்கள். நிறுத்த விடமாட்டார்கள். மெதுவாக ஓட்டச் சொன்னால் சாரதி ஓட்டுவார்.